பொருளும் ஒரு நூலே

நூல் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது அச்சிட்ட தாள்களின் தொகுதியே. ஆயின் அச்சொல்லின் வரலாற்றைச் சற்று ஆழ்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். பஞ்சிலிருந்து திரித்தெடுக்கும் இழைக்கும் அறிவைத் தொகுத்துக் கூறும் பனுவலுக்கும் தமிழர் ஒரே பெயரையே வழங்கினர். நன்னூல் ஆசிரியராகிய பவணந்தி முனிவர் இவ்விரண்டையும் பொருத்திக் காட்டுகின்றார். சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் மங்கையாகவும் உருவகித்தபின், மரத்தின் கோணலைத் தச்சனுடைய நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலை அறிவு நூல் தீர்க்கும் என்பது அவர் கருத்து. ஆகவே நூலுக்கு இலக்கணம் வகுத்தவர் அதன் பயனையே முதன்மையாகக் கொண்டார். அது ஓலையில் இருக்கவேண்டுமா, தாளில் இருக்கவேண்டுமா என்பதை அவர் ஒரு பொருட்டாகக் கொண்டிலர்.

இதனை நான் ஈண்டு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. இன்று ஒரு பல்கலைக்கழக ஆசிரியரின் புலமையை அளக்க முற்படுவோர் கேட்கும் முதல் வினா, எத்தனை ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டீர் என்பதே. மெழுகிலோ சாந்திலோ கம்பியிலோ இழையிலோ ஒருவர் தம் ஆராய்ச்சியின் முடிவை வடித்துத் தந்தால், அதனை வெளியீடு என எண்ணுவார் அரியர். அது கற்பித்தற் சாதனமாகலாம், கண்காட்சிப் பொருளாகலாம், அலுமாரிக்கு அணியாகலாம். ஆய்வு வெளியீடு மட்டும் ஆகாது என்பதே வழக்கம். இவ்வழக்கம் தவறானது என்பது என் கருத்து. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கத்தக்க ஒரு பொருளும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, முழுமையான ஆய்வு நூலாகலாம். அவ்வாறு ஆகியும் இருக்கின்றது. இது புதுமை நாடுவோரின் கற்பனையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே புகழோடு வழங்கிப் பின்னர் மறக்கப்பட்ட ஒரு மரபு.

மெழுகிற் பதிப்பித்தவர்கள்

ஜேர்மனியின் தென்மேற்கே பிரைபூர்க் என்னும் நகரிலே அடோல்ப் சீக்லர் என்பவர் வாழ்ந்தார். மருத்துவம் பயின்ற அவர், முளையங்களின் வளர்ச்சியை மெழுகில் வடிக்கும் கலையிலே தேர்ந்து, அதற்கென ஒரு தொழிற்கூடத்தை அமைத்தார். அவருக்குப்பின் அவர் மைந்தர் பிரெடரிக் சீக்லர் அதனை நடத்தினார். தந்தையும் மைந்தரும் தம்மைக் கைவினைஞர் என்று மட்டும் கருதவில்லை. நூற்பதிப்பாளன் அச்சுப் புத்தகத்தை வெளியிடுவதுபோலத் தாம் உருவங்களைப் பதிப்பிப்போர் என்பதே அவர்கள் கொண்ட நிலை.

அவ்வாறு கொள்வதற்கு நியாயமும் இருந்தது. முளையம் என்பது ஓர் அரிசியினும் சிறிய பொருள். அதன் உட்புறத்தை அறிய விரும்பிய வில்ஹெல்ம் ஹிஸ் போன்ற உடற்கூற்றியலாளர், அதனை மெல்லிய சீவல்களாகச் சீவும் பொறியைக் கையாண்டனர். சீவியவுடன் உருவம் மறைந்துவிடுகின்றது. நுணுக்குக்காட்டியின் கீழ் நூற்றுக்கணக்கான தட்டையான துண்டுகளே எஞ்சுகின்றன. அத்துண்டுகளிலிருந்து முழு உருவத்தை மீட்டெடுப்பதே ஆராய்ச்சியின் உயிர்நிலையான பகுதி. ஹிஸ் கோழி முளையத்தை ஆராய்ந்தபோது, சீக்லர் அவருடன் இணைந்து அதன் வளர்ச்சிப் படிகளை மெழுகிலே வடித்தார். அவ்வுருவங்கள் 1868ஆம் ஆண்டளவில் வெளிவந்தன.

பிரெஸ்லௌ நகரத்துக் குஸ்தாவ் போர்ன் என்பவர் இம்முயற்சிக்கு ஓர் ஒழுங்கான முறையை 1876ஆம் ஆண்டில் வகுத்தார். இந்நகரமே இன்று போலந்து நாட்டில் விரோட்ஸ்வாவ் என வழங்குகின்றது. அவரது முறை எளியது, ஆயினும் நுட்பமானது. ஒவ்வொரு சீவலின் தோற்றத்தையும் பெருப்பித்து ஒரு மெழுகுத் தகட்டின்மேல் வரைந்து, அதன் ஓரத்தை ஒட்டி வெட்டி எடுக்கவேண்டும். தகட்டின் தடிப்பும் அதே மடங்கு பெருத்திருத்தல் வேண்டும். சீவலின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்காகவும் பெருப்பம் 100 மடங்காகவும் இருப்பின், தகடு 2 மில்லிமீற்றர் தடிப்புடையதாதல் வேண்டும். பின்னர் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், கண்ணுக்கெட்டாத முளையம் கையளவு உருவமாக எழுந்து நிற்கும்.

இங்கே கவனிக்கவேண்டிய உண்மை ஒன்றுண்டு. இவ்வுருவம் ஏற்கெனவே அறிந்த ஒன்றைப் பிறர்க்கு விளக்குவதற்காகப் பிற்பாடு செய்த பொம்மையன்று. அதனை அடுக்கி முடிக்கும்வரை ஆராய்ச்சியாளனுக்கே விடை தெரியாது. அடுக்கி முடித்த உருவமே ஆராய்ச்சியின் முடிவு. அதைக் குறித்து அச்சிற் போடும் கட்டுரை அம்முடிவுக்கு எழுதிய விளக்கம். தமிழ் மாணாக்கர்க்கு விளங்கும்படி கூறினால், மெழுகுருவம் மூலம், கட்டுரை உரை. நாமோ உரையை மட்டும் நூலகத்திலே வைத்து, மூலத்தைத் தூசிபடியும் மூலைக்கு அனுப்பிவிட்டோம்.

சாந்திலே கணிதம்

முளையவியல் உருவத்தைப் பற்றிய கல்வியாதலின் அங்கே இது பொருந்தும், சிந்தனை ஒன்றையே கருவியாகக் கொண்ட கணிதத்திற்கு இது எங்ஙனம் பொருந்தும் எனச் சிலர் வினவலாம். கணித வரலாறே அதற்கு விடை கூறுகின்றது.

மூன்றாம் படிச் சமன்பாட்டால் அமையும் ஒரு மேற்பரப்பின்மேல் 27 நேர்கோடுகள் உண்டு என்பதை 1849ஆம் ஆண்டில் கேலி, சால்மன் என்னும் இருவர் கண்டனர். வளைந்து நெளிந்து செல்லும் ஒரு பரப்பிலே இத்தனை நேர்கோடுகள் படிந்து கிடக்குமா? தாளிலே நிறுவலைப் படித்தவரும் அதனை நம்புவாரேயன்றிக் காணமாட்டார். அந்த 27 கோடுகளும் மெய்யாகவே அமையும் ஒரு பரப்பை அல்பிரெட் கிளெப்ஷ் ஆராய்ந்தார். அதன் சாந்து மாதிரியுரு 1872இல் கோட்டிங்கன் நகர அறிஞர் முன்னிலையில் வைக்கப்பட்டது. அதன்மேற் பதித்த கோடுகளை விரலால் தடவிச் செல்லலாம்.

இதன்பின் 1875ஆம் ஆண்டு தொடக்கம் மியூனிக் நகரத் தொழினுட்ப உயர்கல்லூரியிலே அலெக்சாண்டர் பிரில், பீலிக்ஸ் கிளைன் என்னும் பேராசிரியர் இருவரும் மாதிரியுரு செய்வதை மாணவர் கல்வியின் ஓர் உறுப்பாக்கினர். மாணவன் ஒரு பரப்பை ஆராய்வான்; அதன் அளவுகளைக் கணிப்பான்; சாந்தில் வார்ப்பான்; அதற்கு ஒரு கணித விளக்கமும் எழுதுவான். தேர்ந்தவற்றைப் பேராசிரியரின் சகோதரரான லூட்விக் பிரில் 1877ஆம் ஆண்டு முதல் டார்ம்ஸ்டாட் நகரிலிருந்து தொடர் தொடராக வெளியிட்டார். பின்னர் 1899இல் மார்ட்டின் ஷில்லிங் என்பார் அப்பணியைத் தம் பொறுப்பில் ஏற்றார். அவரது 1911ஆம் ஆண்டுப் பட்டியலிலே 40 தொடர்களும் ஏறக்குறைய 400 மாதிரியுருக்களும் இடம்பெற்றிருந்தன. தொடர் எண், செய்தவர் பெயர், மேற்பார்த்தவர் பெயர், விளக்கவுரை, விலை என அனைத்தும் அதில் உண்டு. ஒரு பதிப்பகத்திற்கு இலக்கணம் இதைவிட வேறென்ன வேண்டும்?

1893ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்கு ஜேர்மன் பல்கலைக்கழகங்களின் சார்பில் இச்சாந்து உருவங்கள் கொண்டுசெல்லப்பட்டன. கிளைன் தாமே அங்குச் சென்று அவற்றை விளக்கினார். பிரைபூர்க்கின் மெழுகு முளையங்களும் அதே கண்காட்சியில் வைக்கப்பட்டுப் பரிசு பெற்றன. மெழுகும் சாந்தும் தத்தம் துறையின் ஆய்வு வெளியீடுகளாகவே அன்று கடல் கடந்தன.

பொருளாற் பொருளுக்கு மறுமொழி கூறிய ஒரு நிகழ்ச்சியும் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து வில்லார்ட் கிப்ஸ், வெப்பவியக்கவியலைக் கேத்திர கணித முறையில் விளக்கும் இரு கட்டுரைகளை 1873இல் வெளியிட்டார். அவை வெளிவந்ததோ, ஐரோப்பியர் பலர் கண்ணிற் படாத ஒரு மாநிலக் கழகத்தின் ஏட்டிலே. அவற்றின் பெருமையை உணர்ந்த சிலருள் முதல்வர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் கிளார்க் மக்ஸ்வெல். கனவளவு, எந்திரப்பி, சக்தி ஆகிய மூன்றையும் மூன்று அச்சுக்களாகக் கொண்ட பரப்பைக் கிப்ஸ் எழுத்திலே விவரித்திருந்தார். மக்ஸ்வெல் அப்பரப்பைத் தம் கையாலேயே களிமண்ணில் உருவாக்கி, சாந்தில் வார்த்து, ஒரு வார்ப்பைக் கிப்ஸுக்கு அனுப்பினார். ஒரு புலவர் இன்னொரு புலவரின் நூலை எவ்வளவு ஊன்றிக் கற்றார் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை. ஒவ்வொரு மேடும் பள்ளமும் சரியான இடத்தில் விழவேண்டுமாயின், நூலின் ஒரு வரியையேனும் விளங்காமல் விட இயலாது. மதிப்புரை எழுதுவோர் பலர் முன்னுரையோடு நின்றுவிடும் இக்காலத்திலே, களிமண் அத்தகைய சலுகை எதனையும் அளிக்கமாட்டாது என்பதை நினைவிற் கொள்வோமாக.

மறுக்கத்தக்கதே ஆய்வு

நிற்க. பொருளை நூலாகக் கொள்வதற்கு எதிராகக் கூறப்படும் தடைகளுள் வலிமை மிக்கது ஒன்று. எழுத்திலே வாதம் உண்டு, பொருளிலே வாதம் இல்லை. வாதம் இல்லாத ஒன்றை மறுப்பது எங்ஙனம், மறுக்க இயலாத ஒன்று ஆய்வாவது எங்ஙனம் என்பதே அத்தடை.

இதற்குக் கேம்பிரிட்ஜிலே நிகழ்ந்த ஒன்றை விடையாகக் கூறுவேன். 1951ஆம் ஆண்டின் இறுதியில் வாட்சன், கிரிக் என்னும் இளைஞர் இருவரும் டி.என்.ஏ. மூலக்கூறுக்கு மூன்று இழைகள் கொண்ட ஒரு மாதிரியுருவை அமைத்தனர். அதைக் காண லண்டனிலிருந்து வந்த ரோசலிண்ட் பிராங்க்ளின் அம்மையார், அம்மூலக்கூறு பற்றியிருக்கும் நீரின் அளவைக் கொண்டே அது பிழையென உடனடியாகக் காட்டினார். ஒரு கட்டுரைக்கு மறுப்பு எழுதி வெளிவர மாதங்கள் பல செல்லும். அந்த மாதிரியுருவோ ஒரே சந்திப்பிலே வீழ்ந்தது. 1953இல் அவர்கள் அமைத்த இரட்டைச் சுருளுக்கு இவ்வம்மையாரின் எக்ஸ் கதிர்ச் சான்றுகளும் துணையாயின. அதனை நேரிற் கண்டபோது அவர் ஏற்றுக்கொண்டார். பொருள் ஊமையன்று. அணுக்களின் இடைவெளியும் கோணமும் தவறாயின் தகடு தகட்டோடு பொருந்தாது. சொற்களாயின் பொருந்தாதவற்றையும் பொருந்தியனபோலக் காட்டும் வித்தை எழுத்தாளர் அனைவர்க்கும் தெரிந்ததே.

பொருளோடு பொருளை ஒப்புநோக்கிப் புதிய உண்மை கண்ட வரலாறும் உண்டு. 1970களிலே புரதங்களின் முதுகெலும்பு போன்ற சங்கிலியை உலோகக் கம்பியில் வளைத்து அமைக்கும் வழக்கம் பரவியிருந்தது. அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் நடந்த ஓர் ஆய்வுக் கூட்டத்திற்கு டேவிட் டேவிஸ் என்பவர் பிறபொருளெதிரியின் ஒரு கூற்றைக் கம்பியுருவாகக் கொண்டுவந்தார். ஜேன் ரிச்சார்ட்சன் அம்மையாரும் அவர் கணவரும் முற்றிலும் வேறான ஒரு நொதியத்தின் கம்பியுருவைக் கொண்டுவந்தனர். இரண்டையும் அருகருகே வைத்தபோது மடிப்பு முறை ஒன்றாகவே இருப்பது தெரிந்தது. அமினோ அமிலங்களின் வரிசையை மட்டும் தாளில் ஒப்பிட்டோர்க்கு இவ்வுறவு தோன்றியிராது. வரிசையிலே ஒற்றுமை மிகச் சொற்பம். இரு ஏடுகளை விரித்து வைத்துப் பாடபேதம் காணும் பதிப்பாசிரியரின் தொழிலும் இதுவும் வேறல்ல.

அழகின் ஆபத்து

மறுதரப்பில் உள்ள உண்மையையும் மறைத்தல் தகாது. பொருள் கண்ணை மயக்கும். மெழுகின் வழவழப்பும் சாந்தின் வெண்மையும் ஐயத்தை அடக்கிவிடும் ஆற்றல் உடையன. போர்னின் முறைப்படி அடுக்கிய உருவத்திலே தகட்டின் படிகள் தெரியும். எது அளந்தது, எது ஊகித்தது என்பதைக் காண்போன் அறியலாம். அப்படிகளைச் சூடான கருவியால் தேய்த்து மழுப்பிவிட்டாலோ, உருவம் அழகு பெறும், சான்று அழியும். எழுத்திலே மேற்கோளை நீக்கிவிட்டு முடிவை மட்டும் கூறுவதற்கு இது ஒப்பாகும்.

ஆதலின் அழகு ஒன்றே அளவுகோலாயின் நாம் ஏமாறுவோம். நேர்மையான பொருள் சிலவேளை தன்னை ஆக்கியோனையே ஏமாற்றமடையச் செய்யும். 1957இல் ஜோன் கெண்ட்ரூ மயோகுளோபின் என்னும் புரதத்தின் முதல் உருவத்தைப் பிளாஸ்டிசினிலே பிசைந்து அமைத்தபோது, இயற்கையின் சமச்சீரை எதிர்பார்த்திருந்தோர் கண்டது, குடலைப்போலச் சுருண்டு கிடந்த ஒழுங்கற்ற ஓர் உருவத்தையே. அவர் அதை ஒழுங்குபடுத்தி அழகாக்க முனையவில்லை. 1960இல் மேலும் நுட்பமான அளவீடுகளோடு, செங்குத்தான 2,500 கம்பிகளின் காட்டிடையே அணுக்களின் இடத்தைக் குறித்துக் காட்டினார். 1962இல் நோபல் பரிசு கிடைத்தது. அழகற்ற பிளாஸ்டிசின் உருவமே அவ்வெற்றிக்கு முதற்படி.

பிறிதொரு வேறுபாட்டையும் ஈண்டு சுட்டவேண்டும். ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திலே கண்ணாடியாற் செய்த மலர்கள் உண்டு. லியோபோல்ட் பிளாஷ்கா, ருடோல்ப் பிளாஷ்கா என்னும் தந்தையும் மைந்தரும், தந்தையின் மறைவுக்குப்பின் மைந்தர் தனித்தும், 1936ஆம் ஆண்டுவரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு உழைத்து ஆக்கியவை அவை. தாவரவியற் செம்மையிலும் கைத்திறனிலும் அவற்றுக்கு நிகரில்லை. எனினும் அவற்றை நான் நூல் என்னேன். அவற்றுக்குப் படி இல்லை. அங்கே சென்றாலன்றிக் காணல் இயலாது. ஒரே ஏட்டுச் சுவடி எத்துணை அரியதாயினும் அது பதிப்பு ஆகாதன்றோ? பலர் கையிற் சென்று சேர்வதே வெளியீடு. சீக்லரின் மெழுகும் பிரிலின் சாந்தும் அச்சில் வார்த்துப் பல நாடுகளுக்குச் சென்றமையாலேயே வெளியீடு என்னும் பெயருக்கு உரியவாயின.

அழிந்தவையும் கணக்கில் வராதோரும்

இம்மரபு ஏன் மறைந்தது? கணிதத்திலே உருவத்தைக் காட்டிலும் அருவமான அமைப்பையே போற்றும் காலம் வந்தது. 1932ஆம் ஆண்டில் ஷில்லிங் நிறுவனம், அண்மைக் காலத்தில் புதிய மாதிரியுரு எதுவும் வெளிவரவில்லை எனக் கோட்டிங்கன் கணித நிறுவகத்திற்கு அறிவித்தது. பாரிஸ் நகரிலே ஹென்றி பொவான்கரே நிறுவகத்தின் அலுமாரிகளிற் கிடந்த உருவங்களை 1930களில் மான் ரே என்னும் கலைஞர் புகைப்படம் எடுத்தார். கணிதர் மறந்த நூலை ஓவியர் படமாகப் பார்த்தனர் எனலாம். எழுத்தறியாதவன் ஏட்டுச் சுவடியின் கையெழுத்தழகை வியப்பதுபோன்ற காட்சி அது. குற்றம் ஓவியரிடத்தில் இல்லை. வாசிக்கத் தெரிந்தோர் வாசிக்காமல் விட்டதே குற்றம்.

இன்னும் வருந்தத்தக்க வரலாறு ஒன்றுண்டு. ஒரு கோளத்தைக் கிழிக்காமலும் கூர்மடிப்பு விழாமலும், தன்னூடே தான் செல்ல இடமளித்து, உட்புறம் வெளிப்புறமாகப் புரட்டலாம் என 1950களின் பிற்பகுதியில் ஸ்டீபன் ஸ்மேல் நிறுவினார். புரட்டலாம் என்பது நிறுவப்பட்டதே தவிர, அது எவ்வாறு நிகழும் என்பதை எவராலும் எளிதிற் காண இயலவில்லை. அதைத் தெளிவாகக் கண்டவர்களுள் ஒருவர் பேர்னார்ட் மொறின் என்னும் பிரெஞ்சுக் கணிதவியலாளர். ஆறு வயதிலேயே கண்ணொளியை இழந்தவர் அவர்! கண்ணுடையோர்க்கு அப்புரட்டலின் படிகளை அவர் களிமண் உருவங்களால் விளக்கினார். கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்திலே சார்ல்ஸ் பியூ என்பவர் அப்படிகளைக் கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பி வலையாற் செய்து தொங்கவிட்டார். நெல்சன் மக்ஸ் என்பவர் அவற்றை அளந்து கணினிக்குக் கொடுத்து, 1970களிலே ஒரு திரைப்படமாக்கினார். அதன்பின் அக்கம்பியுருவங்கள் களவுபோயின. ஒரு முக்கியமான ஆய்வின் மூலப்பிரதி இன்று இல்லை. அளவெடுத்தமையால் மட்டும் அதன் சாரம் தப்பியது. நூலகத்திலே பதிவுபெற்ற ஏடாக இருந்திருப்பின் இவ்வாறு கேட்பாரற்றுப் போயிருக்குமா?

வாட்சனும் கிரிக்கும் அமைத்த இரட்டைச் சுருளும் கழற்றப்பட்டுவிட்டது. லண்டன் அறிவியல் நூதனசாலையில் இன்று காண்பது, எஞ்சிய பழைய தகடுகள் சிலவற்றைக் கொண்டு பின்னர் கட்டியெழுப்பியதே.

பொருட்கள் அழிவதோடு அவற்றை ஆக்கியோரும் மறைகின்றனர். அலிசியா பூல் ஸ்டொட் என்னும் அம்மையாரை எடுத்துக்கொள்வோம். பல்கலைக்கழகம் சென்று கல்லாதவர், குடும்பம் நடத்தியவர். நான்கு பரிமாண உருவங்களை முப்பரிமாண வெளி குறுக்கே வெட்டினால் தோன்றும் வடிவங்களை மனத்தாலே கண்டு, அட்டையிலே வெட்டி ஒட்டி அமைத்தார். ஒல்லாந்துப் பேராசிரியர் ஷூட் அதே பொருள்பற்றி ஆராய்வதை அறிந்து, தம் அட்டை உருவங்களின் புகைப்படங்களை அவருக்கு அனுப்பினார். அப்பேராசிரியர் அவற்றின் தகைமையை உணர்ந்து அவருடன் இணைந்து உழைத்தார். அம்மையாரின் ஆய்வுகள் 1900ஆம் ஆண்டிலும் 1910ஆம் ஆண்டிலும் அச்சாயின. 1914இல் குரோனிங்கன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. அவருடைய அறிவுக்கு முதற் சாட்சியாய் நின்றவை அட்டைத் துண்டுகள். அவற்றைப் படிக்கத் தெரிந்த ஒருவர் இல்லாதிருந்தால் அவ்வறிவு வீட்டு மேசையோடு மறைந்திருக்கும். அவ்வாறு மறைந்தோர் எத்தனை பேரோ!

ஊசியும் இழையும் இத்துறையிலே சாதித்தமைக்கும் சான்றுண்டு. அதிபரவளைவுக் கேத்திர கணிதத்தின் தளத்தைத் தாளில் வெட்டி ஒட்டிய உருவங்கள் எளிதிற் கிழிந்தன. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டைனா தைமினா அம்மையார் 1997இல் அதனைக் குரோஷேப் பின்னலாற் செய்தார். ஒவ்வொரு வரிசையிலும் தையல்களை ஒரே விகிதத்திற் கூட்டிக்கொண்டு போவதே அதன் இரகசியம். சமையலறைக்கும் விருந்தறைக்கும் உரியதென ஒதுக்கிய கைவேலை, கணிதத்தின் ஒரு பெரும் பரப்பை விரலுக்கு எட்டச் செய்தது.

பாயிரம் வேண்டும்

இது கணினிக் காலம், திரையிலே சுழலும் உருவம் இருக்கையிற் கையுருவம் எதற்கு எனக் கூறுவாருமுளர். திரையின் பயனை நான் மறுக்கவில்லை. 1971இல் அமெரிக்காவிலே தொடங்கிய புரதத் தரவு வங்கி, கம்பியுருவங்கள் சுமந்த செய்தியை எண்களாக உலகெங்கும் பகிர்ந்தது. ஆயின் இன்று அதே கணினி நம்மை மீண்டும் பொருளிடமே அழைத்து வருகின்றது. 2015ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் தென்னாபிரிக்கக் குகையொன்றிற் கண்டெடுத்த ஹோமோ நலேடி என்னும் பண்டை மனித இனத்தைப்பற்றிய ஆய்வு வெளிவந்தது. கட்டுரையோடு எலும்புகளின் முப்பரிமாணக் கோப்புகளும் யாவரும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்பட்டன. முப்பரிமாண அச்சுப்பொறி உள்ள எந்தக் கல்லூரியும் அவ்வெலும்பைத் தன் மேசையிலே பெறலாம். மெழுகுருவைப் பொதிசெய்து கப்பலேற்றிய சீக்லர் காணாத வசதி இது. படி எடுத்தல் அரிது, செலவு பெரிது என்னும் பழைய தடைகள் பெரும்பாலும் நீங்கிவிட்டன. எஞ்சியிருப்பது நம் மனத்தடை ஒன்றே.

அங்ஙனமாயின் கண்ட கண்ட பொருளையெல்லாம் நூலென ஏற்பதா? அன்று. இதற்கும் நம் மரபிலேயே ஓர் அளவுகோல் இருக்கின்றது. பாயிரமின்றி நூல் நிறைவுறாது என்பது பழைய கொள்கை. சிறப்புப் பாயிரத்தில் இடம்பெறவேண்டியவை என நன்னூலார் எண்ணும் எட்டையும் ஒரு மாதிரியுருவுக்குப் பொருத்திப் பார்க்க. ஆக்கியோன் யார்? வடிவமைத்தவரோடு, கையாற் செய்த தொழினுட்பவியலாளரின் பெயரும் இங்கே வருதல் வேண்டும். வழி எது? நேரடி அளவீட்டிற் பிறந்த முதனூலா, பிறர் கண்டதைத் தழுவிய வழிநூலா? எல்லை என்பது நூல் வழங்கும் நிலப்பரப்பைக் குறித்த சொல். அதனை நான் இங்கே அளவுப் பிரமாணமாகவும் நம்பத்தக்க எல்லையாகவும் கொள்வேன். எத்தனை மடங்கு பெருப்பித்தது, எதுவரை அளந்தது, எங்கே ஊகம் தொடங்குகின்றது என்பன கூறப்படல் வேண்டும். பெயர் என்ன? யாப்பு, அதாவது ஆக்கிய பொருளும் முறையும் யாவை? நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவை எவை? இவ்வெட்டுக்கும் விடை தரும் ஒரு சிற்றேட்டோடு, படி எடுக்கத்தக்கதாய், ஒரு நூலகத்திலே பதிவு பெற்றதாய் வருமாயின், அப்பொருள் நூலே. அதனைத் துறையறிந்தோர் ஆராய்ந்து ஏற்கவோ தள்ளவோ செய்யட்டும். கட்டுரைக்கு உள்ள அதே மதிப்பை அளிக்கட்டும்.

இதைக் கூறும்போது ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தின் அலுமாரி என் நினைவுக்கு வருகின்றது. அதிலே களிமண்ணாற் செய்து வர்ணம் தீட்டிய, இதயத்தின் வெட்டுமுகம் ஒன்று இருந்தது. வால்வுகளின் அமைப்பு எந்தப் பாடநூற் படத்தினும் தெளிவாக விளங்கியது. செய்தது ஆசிரியரா மாணவரா, எந்த ஆண்டு, எதனைப் பார்த்து என வினவினேன். விடை கூறுவார் அங்கே ஒருவருமில்லை. பெயரெழுதாத ஏட்டைப்போல அது அநாதையாய் நின்றது. ஒரு சிறு துண்டுத் தாளில் நான்கு வரி எழுதி ஒட்டியிருப்பின் அது ஒரு படைப்பாக நிலைத்திருக்கும்.

ஆகவே ஆசிரிய அன்பர்களையும் மாணவ நண்பர்களையும் நான் வேண்டுவது பெரிதொன்றன்று. நும் கையாற் செய்யும் மாதிரியுரு ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயிரம் எழுதி வையுங்கள். பல்கலைக்கழகத்தாரை வேண்டுவது இன்னும் ஒன்று. பட்டத்திற்குச் சமர்ப்பிக்கும் ஆய்வேட்டின் ஓர் உறுப்பாகப் பொருளையும் ஏற்க வழிசெய்க; நூலகத்திலே அத்தகைய பொருள்களுக்கென ஒரு தட்டையும் பட்டியலிலே ஓர் எண்ணையும் ஒதுக்குக; பதவி உயர்வுக்குரிய வெளியீடுகளை எண்ணும்போது தாளை மட்டும் எண்ணாதொழிக. கண்ணொளி இழந்தும் கோளத்தின் உள்ளும் புறமும் கண்ட மொறினைப் போன்ற ஒருவர் நம் மாணவரிடையேயும் இருக்கக்கூடும். அவர் வாசிக்கத்தக்க நூலையும், அவர் எழுதத்தக்க நூலையும் மறுப்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

தச்சனுடைய நூல் மரத்தின்மேற் படிந்து தன் கடமையைச் செய்கின்றது. அதில் ஓர் எழுத்தேனும் இல்லை. கோணலைக் காட்டித் திருத்துவது எதுவாயினும் அது நூலென்றே கொள்ளத்தகும்.